தொழிற்சாலை கற்ற கேள்விக்கலை

'கேள்' என்பது ஒரு சொல், பொருளோ இரண்டு. வினவு என்பது ஒன்று. செவிமடு என்பது மற்றொன்று. 'ஆசிரியரைக் கேட்டான்' என்றால் வினவினான் என்பது பொருள். 'ஆசிரியர் சொல்லக் கேட்டான்' என்றால் செவிமடுத்தான் என்பது பொருள். செவிமடுக்க விருப்பமில்லாதவன் வினவுவதால் பயனில்லை என்னும் உண்மை அவ் வழக்கினுள்ளேயே பொதிந்து கிடக்கிறது. திருவள்ளுவர் 'கேள்வி' எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கல்வியைக் கூறியபின், அறிவுடைமையைக் கூறுமுன், 42ஆம் அதிகாரமாக அதனை வைத்தார். அங்கே கேள்வி என்பது செவிவழிப் பெறும் அறிவையே குறிக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொழிலுலகம் இவ்வுண்மையை எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. மேலாளர் சொல்லவேண்டும், தொழிலாளர் கேட்கவேண்டும் என்பதே அதன் தொடக்க கால நியதி. மேலாளரும் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் சிக்காகோ நகரின் எல்லையில் இருந்த ஒரு தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் முளைத்தது. பிறகு பல கைகள் மாறி, நார்வே நாட்டு மருத்துவ நிலையம் ஒன்றின் வழியாக, இன்று 'ஊக்க நேர்காணல்' என வழங்கும் உரையாடல் முறையாக வளர்ந்தது. அவ் வரலாறு வெற்றிக் கதை மட்டும் அன்று. செவிமடுப்பது யாருடைய நன்மைக்காக என்னும் கடினமான வினா அதன் தொடக்கமுதல் இறுதிவரை உடன்வருகிறது.

விளக்கொளியும் பெண்களின் பேச்சும்

அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்துச் சிசரோ என்னும் ஊரில் ஹாதார்ன் தொழிற்சாலை 1905ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் பெல் தொலைபேசி அமைப்புக்கு வேண்டிய கருவிகளை அங்கே செய்தது. 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏறத்தாழ 40,000 பேர் அங்கே உழைத்தனர். ஒரு நகரத்தின் மக்கள்தொகை ஒரு மதிலுக்குள் அடங்கியிருந்தது எனலாம்.

அக்காலத்துத் தொழில் மேலாண்மையில் பிரெடரிக் டெய்லரின் கொள்கையே ஓங்கியிருந்தது. 1911இல் அவர் வெளியிட்ட 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' என்னும் நூல், சிந்திப்பது மேலாளர் கடமை, செய்வது தொழிலாளர் கடமை என்று பிரித்தது. கையசைவு ஒவ்வொன்றும் கடிகாரங்கொண்டு அளக்கப்பட்டது. தொழிலாளியின் கருத்தை அறியவேண்டிய தேவை அம் முறையில் மிகக் குறைவு.

இச் சூழலில்தான் 1924 முதல் 1927 வரை ஹாதார்னில் விளக்கொளி ஆய்வு நடைபெற்றது. ஒளி மிகுந்தால் உற்பத்தி மிகுமா என்பதே ஆய்வுப் பொருள். ஒளியைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்தது. ஒளியை மாற்றாத அறையிலும் உயர்ந்தது. ஒருகால் ஒளியை நிலவொளியின் அளவுக்குக் குறைத்தபோதுங்கூட வேலை தளரவில்லை. விளக்குக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று ஆய்ந்தோர் ஐயுற்றனர்.

அந்த 'ஏதோ ஒன்றை'த் தேடி 1927 ஏப்ரலில் தனியறை ஒன்று அமைக்கப்பட்டது. தொலைபேசி இணைப்புக்கு உதவும் ரிலே என்னும் சிறு கருவியை அங்கே ஐந்து பெண்கள் பூட்டினர். உறுப்புகளை எடுத்துக்கொடுக்க ஆறாவது பெண் ஒருவர் இருந்தார். இடைவேளை ஓய்வு, சிற்றுண்டி, குறைந்த வேலை நேரம் என நிலைமைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. உற்பத்தி படிப்படியாக ஏறியது. பின்னர் அச் சலுகைகளை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பியபோதும் மொத்த உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை. பெண்களோடு கலந்து பேசியதும், அவர்கள் கருத்தை மதித்ததுமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் முடிவு கட்டினர்.

அம் முடிவை முழுதும் ஏற்பதற்குத் தடைகள் உள. 1928 சனவரியில் அவ் வைவருள் இருவர் அறையிலிருந்து விலக்கப்பட்டனர். ஒத்துழையாமையும் மிகுதியான பேச்சும் அவர்கள்மீது கூறப்பட்ட குற்றங்கள். அவர்கள் இடத்தில் வந்த இருவர் விரைந்து உழைப்போர். சிறு குழுவாகக் கணக்கிட்டு ஊதியம் வழங்கப்பட்டதால் உழைப்புக்கேற்ற பயனும் அறையிலிருந்தோர்க்கு உடனே கிட்டிற்று. 1967இல் ஆஸ்திரேலிய அறிஞர் அலெக்ஸ் கேரியும், 1978இல் பிராங்கி, கால் என்னும் இருவரும் இவற்றைச் சுட்டிக்காட்டிப் பழைய முடிவை வன்மையாக மறுத்தனர். செவிமடுத்தலின் வரலாற்றில் முதல் அதிகாரமே, பேசியதற்காக இருவர் வெளியேற்றப்பட்ட செய்தியைத் தாங்கி நிற்பது மறத்தற்குரியது அன்று.

21,000 உரையாடல்கள்

ரிலே அறையைவிட ஆழமான பாடம் மற்றொரு முயற்சியிலிருந்து பிறந்தது. மேற்பார்வையாளர்க்குப் பயிற்சி அளிக்கவேண்டும். அதற்குத் தொழிலாளர் குறைகள் தெரியவேண்டும். இந் நோக்கத்தோடு 1928 செப்டம்பரில் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த 1,600 பேரை நேர்காணத் தொடங்கினர். 1929இல் 10,300 பேரும், 1930இல் 9,226 பேரும் நேர்காணப்பட்டனர். மூன்றாண்டுத் தொகை 21,126. அதற்குமுன் எத் தொழிற்சாலையும் தன் தொழிலாளரை இவ்வளவு விரிவாகக் கேட்டதில்லை என்று கூறினும் மிகையாகாது.

தொடக்கத்தில் நேர்காண்போர் கையில் வினாப்பட்டியல் இருந்தது. வேலை பிடித்திருக்கிறதா? மேற்பார்வையாளர் எப்படி? அறை வெப்பமாக உள்ளதா? இவ் வினாக்களுக்குச் சுருங்கிய விடைகளே கிடைத்தன. மேலும் ஒரு விந்தை நேர்ந்தது. வெப்பத்தைப்பற்றி வினவினால், தொழிலாளி அதற்கு இரண்டொரு சொல்லில் விடையிறுத்துவிட்டு, நோயுற்ற தாயைப்பற்றியோ, பத்தாண்டுக்கு முன் கிட்டாது போன பதவியைப்பற்றியோ பேசத் தொடங்கினார். நேர்காண்பவர் அவரைப் பட்டியலுக்கு மீட்டுக் கொணர்வார். அவர் மீண்டும் அங்கேயே செல்வார். இறுதியில் பட்டியல்தான் தோற்றது.

1929 சூலையில் முறை மாற்றப்பட்டது. வினாப்பட்டியலைக் கைவிட்டு, தொழிலாளர் எதைப் பேச விரும்புகிறாரோ அதைப் பேச விட்டனர். அரைமணி நேரத்தில் முடிந்த உரையாடல் ஒன்றரை மணி நேரம்வரை நீண்டது. இரண்டரைப் பக்கத்தில் அடங்கிய குறிப்பு பத்துப் பக்கமாயிற்று. பேசியவர் பெயர் குறிப்பில் இடம்பெறவில்லை.

இம் மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களுள் எல்டன் மேயோ தலையாயவர். 1880இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிற் பிறந்து, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்தவர். நேர்காண்போர்க்கு அவர் தந்த நெறிகள் எளியவை. பேசுபவர்மீது முழுக் கவனத்தையும் செலுத்துக; பேசாமல் கேட்க; வாதாடாதே; அறிவுரை கூறாதே; அவர் சொல்ல விரும்புவதையும், சொல்ல விரும்பாததையும், துணையின்றிச் சொல்லமுடியாததையும் உற்றுக் கேள். படித்தோர்க்கு இந் நெறிகளுள் கடினமானது அறிவுரை கூறாமையே என்பதை ஆசிரியப் பெருமக்கள் எளிதில் உணர்வர்.

பயன்கள் வியப்பளித்தன. தம் மேற்பார்வையாளரைக் காரணமின்றி வெறுத்த ஒரு பெண், பேசிக்கொண்டே வருகையில், அவர் தாம் வெறுத்த மாற்றாந் தந்தையின் சாயலில் இருந்தமையே வெறுப்புக்குக் காரணம் எனத் தாமே கண்டுகொண்டார். எவரும் அதை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. தம் வாயால் சொன்ன சொல்லைத் தாமே கேட்டபோது அவருக்கு விளக்கம் பிறந்தது. பிற்காலத்து ஊக்க நேர்காணலின் விதை இதுவே.

உணவு மாறாத உணவறை

ஆயினும் அதே குறிப்புகளுள் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு பெண் தொழிலாளி நேர்காணலின் பெரும்பகுதியிலும் நிறுவனத்து உணவறையின் உணவைக் குறைகூறினார். சில நாள் கழித்து நேர்கண்டவரைச் சந்தித்தபோது, மேலிடத்தில் சொல்லி உணவைச் சீர்ப்படுத்தியதற்காக அவருக்கு நன்றி கூறினார். உண்மையில் உணவில் எம் மாற்றமும் செய்யப்படவில்லை.

இந் நிகழ்ச்சியை இருவகையாகப் படிக்கலாம். மனச்சுமை இறங்கியதும் உணவின் சுவையே மாறிவிட்டது, செவிமடுத்தலின் ஆற்றல் அத்தகையது என்பது ஒரு வகை. ஆய்வாளர் அவ்வாறே படித்தனர். உணவு கெட்டதாகவே இருக்க, உண்பவர் குறைகூறுவதை மட்டும் நிறுத்திவிட்டார் என்பது மற்றொரு வகை. முதல் வகையிற் படிப்போர் மேலாளராகவும், இரண்டாம் வகையிற் படிப்போர் தொழிலாளராகவும் இருப்பது இயல்பு. செவிமடுத்தல் ஆற்றல் மிக்க கருவியாக இருப்பதனாலேயே அதனைத் தவறாகக் கையாளவும் இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

ஐயம் வெறும் ஐயமாக நிற்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் ஹாதார்னையும் தாக்கியது, பல்லாயிரவர் வேலையிழந்தனர், நேர்காணல் திட்டமும் நின்றது. தம் மனத்தைத் திறந்து பேசியோர்க்கு அப்பேச்சு வேலையைக் காத்துத் தரவில்லை. 1936இல் ஆலோசகர் திட்டம் என்னும் பெயரில் அம்முயற்சி மீண்டும் தலையெடுத்தது. ஆலோசகர் பட்டறைகளில் உலாவித் தொழிலாளரோடு உரையாடுவர். கேட்டதை எவரிடமும் சொல்லார். எதையும் மாற்றும் அதிகாரமும் அவர்க்கு இல்லை. இருபதாண்டுகள் நடந்தபின் 1956இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

அதற்கு ஓராண்டு முன்னதாக, 1935இல், அமெரிக்காவில் வாக்னர் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தொழிலாளர் சங்கம் அமைக்கவும், கூட்டாகப் பேரம் பேசவும் உள்ள உரிமையை அது காத்தது. கூலியையும் வேலை நேரத்தையும்பற்றித் தொழிலாளர் மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்து பேசும் காலம் வந்தது. அக்காலத்தில், அதிகாரமற்ற ஆலோசகரிடம் தனித்தனியே மனக்குறை சொல்லும் ஏற்பாடு தொழிற்சங்கத்தாருக்கு ஐயத்தைத் தந்ததில் வியப்பில்லை. மேயோவின் நூல்களில் சங்கங்களுக்குச் சிறிதளவே இடம் உண்டு என்னும் குறை அவர் காலத்திலேயே கூறப்பட்டது.

பைஜாமாத் தொழிற்சாலையின் விடை

கேட்டால் மட்டும் போதாது, கேட்டதற்கேற்ப முடிவும் மாறவேண்டும் என்பதை மற்றொரு தொழிற்சாலை காட்டியது. வர்ஜீனியா மாநிலத்து மேரியன் என்னும் சிற்றூரில் ஹார்வுட் நிறுவனம் பைஜாமா உடைகளைத் தைத்தது. அதன் தலைவர் ஆல்பிரட் மாரோ தாமே உளநூல் கற்றவர். செருமனியிலிருந்து நாசிக் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவுக்கு வந்திருந்த உளநூலறிஞர் கர்ட் லூயினை அவர் துணைக்கு அழைத்தார்.

அத் தொழிற்சாலையில் வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் தொழிலாளர் முரண்டினர். சிலர் வேலையைவிட்டே நீங்கினர். கோச், பிரெஞ்சு என்னும் இருவர் இதனை ஆய்ந்து 1948இல் முடிவை வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு, மாற்றம் வரப்போகிறது என்று காரணத்தோடு அறிவிக்கப்பட்டது, அவ்வளவே. மற்றொரு குழு தன் பேராளர் வாயிலாக மாற்றத்தைத் திட்டமிட்டது. வேறிரு குழுக்களில் எல்லாத் தொழிலாளரும் திட்டமிடுவதிற் கலந்துகொண்டனர்.

அறிவிப்பை மட்டும் பெற்ற குழுவில் உற்பத்தி வீழ்ந்தது, மீளவில்லை, முதல் 40 நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையைவிட்டனர். கலந்துகொண்ட குழுக்களிலோ அந் நாளில் ஒருவரும் நீங்கவில்லை; உற்பத்தியும் விரைவில் பழைய நிலையைத் தாண்டியது. எல்லாரும் கலந்துகொண்ட குழுக்களே முன்னணியில் நின்றன. சில மாதம் கழித்து, தோற்ற குழுவில் எஞ்சியிருந்தோரையே மீண்டும் கூட்டி, இம்முறை அவர்களோடு கலந்து திட்டமிட்டபோது, அவர்களும் பிறரைப் போலவே முன்னேறினர். முன்பு முரண்டியவர்களும் அவர்களே. இப்பொழுது முன்னேறியவர்களும் அவர்களே. ஆகவே குறை ஆளிடத்தில் இல்லை, அவரை நடத்திய முறையில் இருந்தது என்பது தெளிவாயிற்று.

ஓக் பார்க்கிலிருந்து பெர்கனுக்கு

ஹாதார்ன் தொழிற்சாலை இருந்த சிசரோவை அடுத்துள்ள ஊர் ஓக் பார்க். அங்கே 1902இற் பிறந்தவர் கார்ல் ராஜர்ஸ். உளநோய்க்கு மருந்து மருத்துவரின் கூர்த்த விளக்கம் அன்று, துயருற்றவரைத் தீர்ப்பிடாமற் கேட்கும் உறவே என்னும் கருத்தை 1942இல் வெளியிட்ட நூலில் அவர் நாட்டினார். 1945 முதல் 1957 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். ஹாதார்ன் ஆய்வை 1939இல் நூலாக்கிய இருவருள் ஒருவரான ரோத்லிஸ்பர்கரும் ராஜர்சும் சேர்ந்து, கருத்துப் பரிமாற்றத்தின் தடைகளைப்பற்றி 1952இல் ஹார்வர்டு வணிக இதழில் எழுதினர். தொழிற்சாலையிற் பிறந்த செவிமடுத்தலும் மருத்துவ அறையிற் பிறந்த செவிமடுத்தலும் அங்கே சந்தித்தன. பிறர் பேச்சைக் கேட்டவுடன் அதனைச் சரி, தவறு என்று தீர்ப்பிடும் பழக்கமே கருத்துப் பரிமாற்றத்துக்குப் பெருந்தடை என்பது ராஜர்சின் துணிபு.

ராஜர்சின் வழியை மேற்கொண்டு, அதற்கு ஒரு திசையும் கொடுத்தவர் வில்லியம் மில்லர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் குடிப்பழக்கத்தை நீக்கும் முறைகளை ஆய்ந்தவர் அவர். அக்காலத்தில் குடியரை நேருக்குநேர் கடிந்து, அவர் மறுப்பை உடைத்தால்தான் திருந்துவார் என்னும் எண்ணம் அமெரிக்க மருத்துவ நிலையங்களில் பரவியிருந்தது. மில்லரின் ஆய்வுகளோ வேறு கூறின. 1980இல் வெளிவந்த ஆய்வொன்றில், எம் முறையைக் கையாண்டார் என்பதைவிட, எவ்வளவு பரிவோடு செவிமடுத்தார் என்பதே குடியர் திருந்துவதை முன்னுணர்த்தியது.

1982இல் மில்லர் நார்வே நாட்டுப் பெர்கன் நகருக்கு அருகிலுள்ள மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தார். அங்கிருந்த இளம் உளநூலார், சொற்பொழிவோடு விடாமல், உரையாடிக் காட்டுமாறு வேண்டினர். அவர் உரையாடிக் காட்டும்போது இடைமறித்து, இதை ஏன் சொன்னீர், அதை ஏன் விடுத்தீர் என்று வினவினர். அவர்களுக்கு விடைகூற முயன்றபோதுதான் தாம் கையாண்ட நெறி இன்னதென்று அவர்க்கே புலனாயிற்று. அதனை எழுதி 1983இல் கட்டுரையாக வெளியிட்டார். ஊக்க நேர்காணல் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. கேட்பவரைக் கேட்டதால் பிறந்த முறை அது எனலாம். ஹாதார்ன் தொழிற்சாலையை மூடும் முடிவு வெளியானதும் அதே 1983இல்தான்.

1989இல் ஆஸ்திரேலியாவில் மில்லரைச் சந்தித்த ஸ்டீபன் ரோல்னிக், தென்னாப்பிரிக்காவிற் பிறந்து வேல்ஸ் நாட்டிற் பணிபுரிந்தவர். இருவரும் இணைந்து 1991இல் முதல் நூலை வெளியிட்டனர். 2023இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. 1993இல் மில்லரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, கடிந்து பேசிய அளவுக்குக் குடியர் ஓராண்டு கழித்து மிகுதியாகக் குடித்தனர் எனக் காட்டியது. 1997இல் முடிவு வெளியான பேராய்வு ஒன்றில் 1,726 பேர் கலந்துகொண்டனர். பன்னிரு அமர்வுகள்கொண்ட வேறிரு முறைகள் தந்த பயனை, ஊக்க நேர்காணலை அடியொற்றிய நான்கே அமர்வுகள் ஏறத்தாழத் தந்தன.

முறையின் உட்பொருள்

நேர்காணல் என்றவுடன் வேலைக்கு ஆளெடுக்கும் தேர்வு நினைவுக்கு வரும். இது அத்தகையதன்று. இரு மனங்கள் ஒன்றையொன்று நேரே காண்பது என்னும் சொற்பொருளே இதற்கு ஏற்புடையது. 'ஊக்கம்' என்பதையும் பிறர் ஊட்டும் பொருளாகக் கொள்ளுதல் கூடாது. வள்ளுவர் தம் 60ஆம் அதிகாரத்துக்கு 'ஊக்கமுடைமை' என்று பெயரிட்டார். ஊக்கம் ஒருவன் உடைமை, அவனுள் இருப்பது. அதனை வெளிக்கொணர்வதே இம் முறையின் வேலை.

இதன் அடிப்படை எளிது. மாறவேண்டும் என்னும் எண்ணமும் வேண்டா என்னும் எண்ணமும் ஒரே மனத்தில் உடனுறைகின்றன. மேலாளர் ஒரு பக்கத்தை எடுத்து வாதிட்டால், தொழிலாளி மற்றப் பக்கத்தை எடுத்து வாதிடுவார். வாதிட வாதிட அவர் கொள்கை அவர்க்கே உறுதிப்படும். பிறர் குறையைக் கண்டவுடன் திருத்தப் பாயும் உந்துதலை அடக்குவதே முதற் பயிற்சி என்று மில்லரும் ரோல்னிக்கும் கூறுவர்.

பட்டறை ஒன்றில் காப்புக் கண்ணாடி அணியாமல் கடைசல் வேலை செய்யும் தொழிலாளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். "கண்ணாடி அணியவேண்டும் என்று எத்தனை முறை சொல்வது? கண் போனால் யார் பொறுப்பு?" என்கிறார் மேற்பார்வையாளர். "பதினைந்து ஆண்டாக இதே வேலை செய்கிறேன், ஐயா. ஒன்றும் ஆகவில்லை," என்கிறார் தொழிலாளி. பேச்சு அங்கேயே முடிகிறது. அணியாமைக்கு அவர் கூறிய காரணம் அவர் மனத்தில் இன்னும் ஆழப் பதிகிறது.

அதே பேச்சு வேறுவகையாகவும் நடக்கலாம்.

"கண்ணாடி அணிவது உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது போலும்."

"ஆமாம், ஐயா. வியர்வையில் மங்கிவிடுகிறது. அளவு பிசகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்."

"வேலை பழுதில்லாமல் இருக்கவேண்டும் என்பதில் கருத்தாக இருக்கிறீர்கள்."

"அது உண்மை. ஆனால் போன மாதம் ஓர் இரும்புத் துகள் இமையில் பட்டுவிட்டது. வீட்டில் பிள்ளைகள் பயந்துபோனார்கள்."

"அந்தப் பயம் உங்கள் மனத்தில் நிற்கிறது."

"நிற்காமல் என்ன, ஐயா? மங்காத கண்ணாடி இருந்தால் நானே போட்டுக்கொள்வேன்."

இங்கே மேற்பார்வையாளர் ஓர் அறிவுரையும் கூறவில்லை. கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிக் கூறினார். நல்லியல்பைக் கண்டபோது அதனை எடுத்துரைத்தார். அணியவேண்டியதன் காரணத்தைத் தொழிலாளியே சொன்னார். திறந்த வினா, நன்மையை எடுத்துரைத்தல், கேட்டதைப் பிரதிபலித்தல், தொகுத்துரைத்தல் என்னும் நான்கும் இம்முறையின் கருவிகள்.

ஆனால் அவ்வுரையாடலின் கடைசி வரியே உண்மையான சோதனை. மங்காத கண்ணாடி வேண்டும் என்று தொழிலாளி சொல்லிவிட்டார். அதனை வாங்கித் தந்தால் பேச்சுக்குப் பொருள் உண்டு. வாங்கித் தராமல், மனம்விட்டுப் பேசியதே போதும் என்று விட்டுவிட்டால், அது ஹாதார்ன் உணவறையின் கதையாகவே முடியும்.

மருத்துவ அறையும் பணிமனையும்

ஊக்க நேர்காணல் மருத்துவ அறையிற் பிறந்தது. அங்கே குடியை விடுவதால் நன்மை பெறுபவர் குடியரே. பணிமனையில் நிலைமை வேறு. தொழிலாளி மாறுவதால் நன்மை பெறுபவர் சிலவேளை அவரே, சிலவேளை நிறுவனத்தாரே. அன்றியும், கேட்பவர் கையில் பதவி உயர்வும் பணிநீக்கமும் இருக்கின்றன. இவ் வேற்றுமையை மறந்து முறையை மட்டும் எடுத்துவந்தால், பரிவு பொறியாக மாறிவிடும். ஒருவர் விரும்பாத ஒன்றை அவரைக்கொண்டு செய்விக்கும் தந்திரம் இது அன்று என்று மில்லரும் ரோல்னிக்கும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாகக் கூறினர். தோழமை, ஏற்பு, பரிவு ஆகியவை இம் முறையின் உயிர் என்று அவர்கள் நூலும் வற்புறுத்துகிறது.

இருபத்தோராம் நூற்றாண்டில் சிறைச்சாலைப் பணி, பள்ளி முதலிய துறைகளுக்கும் இம் முறை பரவியுள்ளது. பள்ளிகளில் இதனைக் கையாளுவதுபற்றி ரோல்னிக்கும் வேறிருவரும் எழுதிய நூல் 2016இல் வந்தது. நிறுவனத் தலைவர்க்கென எழுதப்பட்ட நூல்களும் உள. ஆயினும் இதன் ஆய்வுச் சான்று மருத்துவத் துறையிலேயே மிகுதி, பணிமனையில் குறைவு. ஆகவே பணிமனையில் இதனைக் கையாள்வோர் இதுகாறும் கண்ட வரலாற்றிலிருந்தே எல்லைகளைக் கற்றல் தகும்.

முதலாவது, கூலி, வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவை பேரப் பேச்சுக்கும் சட்டத்துக்கும் உரியவை. இனிய உரையாடல் அவற்றுக்கு மாற்றாகாது. இரண்டாவது, தனியே சொன்னதைச் சொன்னவர்க்கு எதிராகப் பயன்படுத்துதல் கூடாது; ஒருமுறை அவ்வாறு செய்தால், அப்பணிமனையில் பிறகு எவரும் வாய்திறவார். மூன்றாவது, கேட்பவர்க்குத் தம் முடிவை மாற்றிக்கொள்ளும் மனமும் வேண்டும். ஹாதார்ன் ஆலோசகர்க்கு இல்லாததும், ஹார்வுட் குழுக்களுக்கு வாய்த்ததும் இதுவே. இம் மூன்றும் அமைந்த இடத்தில் நாள்தோறும் நிகழும் சிறு உரையாடல்களே நல்ல பணிப் பண்பாட்டை வளர்க்கும். சுவரில் ஒட்டும் முழக்கங்களுக்கு அவ்வாற்றல் இல்லை.

பள்ளிக்கூடமும் ஒரு பணிமனையே. பாடக்குறிப்பைக் காலத்தில் ஒப்படைக்காத ஆசிரியரைத் தலைமையாசிரியர் அழைத்துப் பேசும் அறையில் இவ் வரலாறு முழுவதும் மீண்டும் நிகழ்கிறது. விடையைத் தாமே வைத்துக்கொண்டு வினவலாம். அல்லது, விடை தம்மையும் மாற்றக்கூடும் என்னும் ஆயத்தத்தோடு வினவலாம். முன்னதற்கு விசாரணை என்று பெயர். பின்னதே கேள்வி. ஹாதார்ன் உணவறையில் நன்றி கூறிய அப்பெண்ணுக்குத் தொழிற்சாலை செவியைக் கொடுத்தது. நல்ல உணவைக் கொடுக்கவில்லை. அந்த நன்றிக்கு உரியவராக நடந்துகொள்வது, இன்று பிறர் குறையைக் கேட்கும் இடத்தில் அமர்ந்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடன்.